யோகான் கெப்ளர்: சோதிடரும் வானநூலாரும்

சோதிடம் வேறு, வானநூல் வேறு எனப் பிரித்துக் காணும் வழக்கம் உலக வரலாற்றிலே மிகப் பழையதன்று. பாபிலோனிலே கோள்களின் இயக்கத்தைக் களிமண் பலகைகளிற் குறித்துவைத்தோர், அரசனுக்கும் நாட்டுக்கும் வரும் நன்மை தீமைகளை அறிதற்பொருட்டே அவற்றைக் குறித்தனர். அல்மகெஸ்து என்னும் பெருங் கணித நூலை ஆக்கிய தொலமி என்பாரே தெற்றாபிபிளோசு என்னும் பலன் நூலையும் ஆக்கினார். பாரத நாட்டிலே ஆறாம் நூற்றாண்டில் விளங்கிய வராகமிகிரர், பஞ்சசித்தாந்திகை என்னும் கணித நூலையும் பிருகத் சாதகம் என்னும் சாதக நூலையும் இயற்றியருளினார். இங்ஙனம் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு மனையிலே வாழ்ந்த இவ்விரு கலைகளும், ஐரோப்பாவிலே பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வழி பிரியலாயின. அவ்வாறு வழிகள் பிரிந்த சந்தியிலே நின்றவர் யோகான் கெப்ளர். கோள்கள் நீள்வட்டத்திற் செல்கின்றன என்னும் விதியைக் கண்டவர் என்று அவரை மாணவர் யாவரும் அறிவர். அவர் தம் வாழ்நாள் முழுவதும் சாதகங் கணித்துப் பலன் எழுதிய சோதிடர் என்பதை அறிந்தோர் சிலரே. ஆதலின், அப்பெரியாருடைய வரலாற்றை அந்நோக்கிலே சுருக்கிக் கூற விரும்புகின்றோம்.

கெப்ளர் 1571ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 27ஆம் நாள், தென் யேர்மனியிலுள்ள வைல் என்னும் சிறு நகரிலே பிறந்தார். பாட்டனார் அந்நகரின் தலைவராக இருந்தவர். ஆயினும், தந்தையார் காலத்திலே குடும்பம் தாழ்வுற்றது. தந்தையார் கூலிப் போர்வீரராய் வேற்று நாடுகளுக்குச் சென்று, ஈற்றில் வீடு திரும்பாதொழிந்தார். தாயார் கதரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். பச்சிலை மருந்துகளை அறிந்தவர். குறைமாதக் குழந்தையாய்ப் பிறந்த கெப்ளரைச் சிறுவயதிலே பெரியம்மை நோய் பற்றியது. அதனாற் கைகள் நலிவுற்றன, கண்பார்வை குன்றியது. விண்ணை ஆராயப் பிறந்தவருக்குக் கண்ணொளி குறைவாய் அமைந்ததை என்னென்பது! ஆயினும், 1577ஆம் ஆண்டிலே வானிற் றோன்றிய பெரிய வால்வெள்ளியைத் தாயார் அவரை ஓர் உயர்ந்த இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். 1580ஆம் ஆண்டிலே நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தந்தையார் காட்டினார். இவ்விரண்டும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

வறிய வீட்டுப் பிள்ளையாகிய கெப்ளர் கல்வி கற்றது நாட்டுத் தலைவர் அளித்த உபகாரச் சம்பளத்தினாலேயாம். உவூட்டம்பேர்க் நாட்டுக் கோமகனார் திறமையுள்ள ஏழைச் சிறுவரைச் சமயகுருமாராக்கும் நோக்குடன் பாடசாலைகளை நடத்தி வந்தனர். அவ்வழியிலே பயின்று, 1589இல் தூபிங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஆங்கு அவருக்கு வாய்த்த நல்லாசிரியர் மைக்கேல் மெஸ்லின். ஞாயிற்றைச் சுற்றியே புவியும் ஏனைய கோள்களும் செல்கின்றன என்னும் கொப்பேர்னிக்கசின் கொள்கையை அவர் தம்மிடம் நெருங்கிய மாணவருக்கு விளக்கி வந்தார். அக்காலத்திலே அக்கொள்கையை ஒப்புக்கொண்டோர் மிகச் சிலர். உடன் கற்ற மாணவரோ, சாதகம் பார்த்துச் சொல்வதில் வல்லவர் என்றே கெப்ளரை அறிந்திருந்தனர்.

குருப்பட்டம் பெறக் காத்திருந்த அவரை விதி வேறு வழியிற் செலுத்தியது. 1594ஆம் ஆண்டிலே ஒசுத்திரிய நாட்டின் கிராற்சு நகரப் பாடசாலையிலே கணித ஆசிரியர் இறக்க, அவ்விடத்துக்குக் கெப்ளர் அனுப்பப்பட்டார். முதலாண்டிலே அவர் வகுப்புக்கு வந்த மாணவர் மிகச் சிலர். இரண்டாம் ஆண்டிலே ஒருவரேனும் வந்திலர். கணிதம் எல்லார்க்கும் உரியதன்றெனக் கூறி மேலாளர் அவரைக் குறைகூறாது விட்டு, வேறு பாடங்களையும் கற்பிக்குமாறு பணித்தனர். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனை நினைந்து ஆறுதலடையலாம்.

அவ்வேலையோடு இணைந்த கடமை ஒன்று இருந்தது. மாகாணக் கணிதராகிய அவர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணித்து, வானிலை, விளைவு, நோய், போர் ஆகியவற்றின் பலனையும் எழுதி வெளியிடல் வேண்டும். 1595ஆம் ஆண்டுக்கு அவர் எழுதிய முதற் பஞ்சாங்கத்திலே கடுங்குளிர் வரும் எனவும், துருக்கர் படையெடுப்பர் எனவும், குடியானவர் கலகம் செய்வர் எனவும் குறித்தார். கடுங்குளிரும் துருக்கர் படையும் வந்தன. கெப்ளரின் புகழ் ஓங்கியது. ஆயின், துருக்கரோடு போர் 1593ஆம் ஆண்டிலேயே மூண்டிருந்தது. ஐரோப்பாவின் அப்பகுதியிலே குளிர்காலம் கடுமையாதலும் அரியதன்று. அறிவுள்ள ஒருவர் நாட்டு நடப்பை உற்றுநோக்கிக் கூறத்தக்கனவே அவை. இதனைப் பிறரினும் நன்றாய் அறிந்தவர் கெப்ளரே. புகழ் வந்தமைக்காக அவர் தம்மை மறந்தாரல்லர்.

சோதிடமே அவருக்குப் பெரிய ஆராய்ச்சியின் வாயிலைத் திறந்தது என்பதும் இங்கே கூறற்பாலது. வியாழனும் சனியும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை சேரும். அடுத்தடுத்த சேர்க்கைகள் இராசிச் சக்கரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தள்ளி நிகழும். மும்முறை சேர ஏறத்தாழ அறுபது ஆண்டு செல்லும். பிரபவ முதலிய அறுபது ஆண்டு வட்டத்தை அறிந்த நமக்கு இக்கணக்குப் புதியதன்று. 1595ஆம் ஆண்டு ஆடித் திங்களில், இச்சேர்க்கைகளை வகுப்பிலே சக்கரம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்த கெப்ளர், கோடுகள் கூடி உள்ளே ஒரு சிறு வட்டம் அமைதலைக் கண்டார். வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் உள்ள விகிதம், சனி வியாழன் என்பவற்றின் பாதைகளுக்கிடையே உள்ள விகிதத்தை ஒத்திருந்தது. கோள்களின் தூரங்களை இறைவன் வடிவகணித முறையிலே அமைத்தான் என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்திற் பதிந்தது. ஐந்து ஒழுங்கான திண்மங்களை ஒன்றினுள் ஒன்றாய் வைத்து அத்தூரங்களை விளக்கி, 1596இல் அவர் எழுதிய நூலே பிரபஞ்ச மருமம் என்பது. அவ்விளக்கம் பிழையானது. ஆயினும், கோள்கள் ஏன் இத்தூரங்களில் நிற்கின்றன என்னும் அவ்வினா நல்வினா. அவ்வினாவே அவரைப் பின்னர் உண்மைக்கு இட்டுச் சென்றது.

சமயப் பிணக்கு அவரைக் கிராற்சிலே நிலைக்கவொட்டவில்லை. ஆட்சியாளர் கத்தோலிக்கர், கெப்ளரோ உலுத்தர் வழிநின்றவர். மதம் மாற மறுத்த அவர் 1600ஆம் ஆண்டிலே மனைவி பார்பராவோடு அந்நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. பேரரசர் இரண்டாம் உருடோல்புவின் சபையிலே வானநூற் கணிதராயிருந்த தைக்கோ பிராகே அவரைப் பிராக் நகருக்கு வரவேற்றார். தைக்கோவிடம் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளாகத் திரட்டிய கோள்நிலைக் குறிப்புக்கள் இருந்தன. தொலைநோக்கி தோன்றாத அக்காலத்திலே அவற்றினும் நுட்பமானவை உலகில் இல்லை. கெப்ளரிடம் அவற்றை ஆராயும் மதி இருந்தது. 1601ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களிலே தைக்கோ காலமாக, பேரரசரின் கணிதராகக் கெப்ளர் அமர்த்தப்பட்டார். தைக்கோவுக்கு 3,000 புளோரின் ஆண்டுச் சம்பளமாய் இருக்க, கெப்ளருக்கு 500 மாத்திரமே குறிக்கப்பட்டது. அதுவும் முறையாகக் கொடுபடவில்லை.

செவ்வாயின் பாதையைக் கணிக்கும் வேலை அவர்பாற் பொறுத்தது. வட்டப் பாதையே தெய்வத்தன்மை வாய்ந்தது என்பது தொலமி முதலாகக் கொப்பேர்னிக்கசு ஈறாக யாவரும் ஒப்பிய கொள்கை. கெப்ளரும் வட்டத்தையே கொண்டு எழுபது முறைக்கு மேற் கணக்கிட்டு, தைக்கோவின் குறிப்புக்களோடு பெரும்பாலும் பொருந்தும் ஒரு பாதையைக் கண்டார். ஆனால், சில இடங்களில் எட்டுக் கலை வேறுபட்டது. அறுபது கலை கொண்டது ஒரு பாகை. முழுமதியின் அகலம் ஏறத்தாழ முப்பது கலை. ஆகவே, எட்டுக் கலை என்பது முழுமதியின் அகலத்திலே ஏறக்குறைய நாலிலொரு பங்கு. வேறொருவர் எனின், கண்டவர் கண்ணின் பிழையெனத் தள்ளிவிட்டு, நூலை முடித்துப் பரிசும் பெற்றிருப்பர். தைக்கோ அவ்வளவு பிழைவிடார் என்பதைக் கெப்ளர் அறிவார். ஆதலின், பல்லாண்டு உழைப்பினால் வந்த தம் கணக்கை எறிந்துவிட்டு மீட்டும் தொடங்கினார். ஈராயிரம் ஆண்டு பழைய வட்டம் அந்த எட்டுக் கலையினால் உடைந்தது. 1609ஆம் ஆண்டிலே வெளிவந்த புதிய வானநூல் என்னும் நூலிலே, கோள் ஞாயிற்றை ஒரு குவியத்திற் கொண்ட நீள்வட்டத்திற் செல்கின்றது எனவும், ஞாயிற்றையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்திற் சம பரப்பைக் கடக்கின்றது எனவும் நிறுவினார்.

இக்காலமெல்லாம் அவர் சோதிடத்தைக் கைவிட்டாரா? கைவிடவில்லை. அவர் அதனை எங்ஙனம் கொண்டார் என்பதே அறியத்தக்கது. இராசிகளைப் பன்னிரண்டாய்ப் பிரித்தமையும் பன்னிரு பாவங்களும் மனிதர் வகுத்தனவேயன்றி இயற்கையில் உள்ளன அல்ல என அவர் தள்ளினார். இன்ன நாளிலே இன்னது நிகழும் என்று சொல்லும் பலனையும் தள்ளினார். ஆயின், கோள்கள் ஒன்றையொன்று நோக்கும் கோணங்களுக்கு ஆற்றல் உண்டு என நம்பினார். இசையிலே சில சுரங்கள் பொருந்தி இனிமை தருதல்போலச் சில கோணங்கள் புவியையும் உயிரையும் தாக்கும் என்பது அவர் துணிபு. பழையோர் கொண்ட கோணங்களோடு 72 பாகை முதலிய புதியனவற்றையும் சேர்த்தார். அந்நம்பிக்கையைச் சோதிக்கும் பொருட்டு, ஆண்டாண்டாக நாடோறும் வானிலையைக் குறித்து வந்தார். நம்பியதைச் சோதிக்கத் துணிந்த சோதிடர் அவர் என்க. 1610ஆம் ஆண்டிலே அவர் எழுதிய ஒரு நூல், சோதிடத்தை முழுவதும் நம்புவோருக்கும் முழுவதும் இகழ்வோருக்கும் இடையே நடுவராய் நின்று பேசுவதாகும். பதரைத் தூற்றும்போது மணியையும் எறிந்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. மணி எனத்தக்கது ஒன்றும் ஆங்கில்லை என்பதே இக்காலத்து வானநூலார் முடிபு. ஆயினும், அவர் தம் காலத்தின் பதரிலே பெரும்பகுதியைத் தாமே தூற்றியவர் என்பதை மறத்தலாகாது.

அவருடைய நேர்மைக்குப் பெருஞ் சோதனை 1611ஆம் ஆண்டிலே வந்தது. பேரரசர் உருடோல்பு சோதிடத்திலே மிக்க நம்பிக்கையுடையவர்; மனக்கலக்கமும் உடையவர். அவர் தம்பி மத்தியாசு அரசைப் பறிக்க முற்பட்டார். இருசாராரும் கெப்ளரிடம் பலன் கேட்டனர். பேரரசருக்கு எதிரானோர் கேட்டபொழுது, விண்மீன் பேரரசருக்கு நல்லது காட்டுகின்றது என்று கூறி அவர்தம் ஊக்கத்தைத் தணித்தார். பேரரசருக்கோ அத்தகைய பலன் எதனையும் சொல்ல அவர் விரும்பவில்லை. அரசவையிலிருந்தும் அரசர் உள்ளத்திலிருந்தும் சோதிடத்தை அகற்றிவைத்தலே நன்று என்று அவையைச் சார்ந்த ஒருவருக்கு எழுதினார். தம் சீவனத்துக்கு உதவும் கலையை அரசரிடமிருந்து விலக்குமாறு கூறிய சோதிடர் வேறு யாவர் உளர்?

அவ்வாண்டிலே துன்பங்கள் ஒன்றன்மேலொன்றாய் வந்தன. ஆறு வயது மைந்தன் பெரியம்மையால் இறந்தான். மனைவி பார்பரா நோயுற்று இறந்தார். பேரரசர் முடி துறந்து, மறு ஆண்டிலே காலமானார். கெப்ளர் லின்சு நகருக்குச் சென்று மாகாணக் கணிதராய் அமர்ந்தார். ஆங்கு, தம் சமயத்தாரே கொள்கை வேறுபாடு கருதி அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினர். 1613இல் சூசன்னா என்பாரை மணந்தார்.

இதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 1615ஆம் ஆண்டிலே இலெயோன்பேர்க் என்னும் ஊரிலே, கதரீனா அம்மையார் கொடுத்த பானத்தினால் தாம் நோயுற்றதாக ஒரு பெண் கூறினார். அம்மையார் சூனியக்காரி என்னும் பழி ஊரெங்கும் பரவியது. அக்காலத்திலே அப்பழி சுமந்த பெண்கள் பலர் வதைக்கப்பட்டு உயிரிழந்தனர். 1620ஆம் ஆண்டு ஆவணியிலே, எழுபது வயது கடந்த அம்மையாரைச் சிறையிட்டு விலங்கு பூட்டினர். கெப்ளர் லின்சை விட்டுப் புறப்பட்டு வந்து, தாயின் வழக்கைத் தாமே ஏற்று நடத்தினார். சாட்சிகளின் கூற்றை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்தார். இன்னாருக்கு வந்த நோய்க்குக் காரணம் இது, இன்னார் கூறும் காலம் முன்னர்க் கூறியதனோடு மாறுபடுகின்றது என, செவ்வாயின் கணக்கிலே எட்டுக் கலையைத் தேடியவாறே இங்கும் முரண்பாடுகளைத் தேடினார். எந்நோய்க்கும் இயற்கையான காரணம் உண்டு என்பதே அவர் வாதத்தின் உயிர். 1621ஆம் ஆண்டு புரட்டாதியிலே, வதைக்கருவிகளை அம்மையார் முன் வைத்து அச்சுறுத்தினர். அவர் அஞ்சிப் பொய் சொல்ல மறுத்தார். பதினான்கு மாதச் சிறைவாசத்தின் பின் விடுதலை பெற்றார். ஆறு திங்களுக்குப் பின் 1622இல் இறந்தார். வால்வெள்ளியைக் காட்டிய தாய்க்கு மகன் செய்த கைம்மாறு அது.

இவ்வழக்கு நடந்த காலத்திலேயே அவர் மூன்றாம் விதியையும் கண்டார் என்பது வியப்புக்குரியது. 1618ஆம் ஆண்டு வைகாசியிலே அதனை உறுதிசெய்து, 1619இல் உலக இசைவு என்னும் நூலில் வெளியிட்டார். கோள் ஞாயிற்றை ஒருமுறை சுற்றும் காலத்தின் வர்க்கம், அதன் சராசரித் தூரத்தின் கனத்துக்கு விகிதசமன் என்பதே அவ்விதி. புவியின் தூரத்தை ஒன்றெனக் கொண்டால், வியாழனின் தூரம் ஏறத்தாழ 5.2. அதன் கனம் 140.6. வியாழன் சுற்றும் காலம் 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் 140.7. மாணவர் ஏனைய கோள்களுக்கும் இங்ஙனம் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் பின் நியூற்றன் ஈர்ப்பு விதியை நிறுவியதற்கு இவ்விதிகளே பெருந்துணையாயின.

தைக்கோவின் குறிப்புக்களைக் கொண்டு கோள்நிலை வாய்பாடு இயற்றும் பணி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீண்டது. நேப்பியர் கண்ட மடக்கைக் கணக்கை அதற்குக் கையாண்டார். 1626இல் லின்சு முற்றுகையிடப்பட்டபோது அச்சகம் தீக்கிரையாயிற்று. கையெழுத்துப் பிரதி தப்பியது. 1627ஆம் ஆண்டிலே உல்ம் நகரில் உருடோல்பு வாய்பாடு அச்சேறியது. நம் நாட்டிலே பழைய வாக்கியங்களின்படி கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கமும், கண்கூடாகக் காணும் கோள்நிலைக்கேற்பத் திருத்திய திருக்கணித பஞ்சாங்கமும் வழங்குகின்றன அல்லவா? ஐரோப்பாவுக்குத் திருக்கணிதம் தந்தவர் கெப்ளரே எனலாம். 1631ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்கள் 7ஆம் நாள் புதன் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் என்று அவ்வாய்பாட்டைக் கொண்டு அவர் முன்னறிவித்தார். கசென்டி என்பார் பாரிசு நகரிலே அந்நாளில் அதனைக் கண்டார். அப்பொழுது கெப்ளர் உயிரோடில்லை.

இறுதிக் காலத்திலும் சோதிடமே அவருக்குச் சோறளித்தது. 1608ஆம் ஆண்டிலே பெயர் கூறாத ஓர் இளம் பிரபுவுக்குச் சாதகம் எழுதியிருந்தார். அவரே பின்னர்ப் பெரும் படைத்தலைவராய் விளங்கிய வலன்ஸ்ரைன். சில ஆண்டுகளின் பின் அவர் அச்சாதகத்தைத் திருத்தி விரிக்குமாறு வேண்டினார். வாழ்விலே நிகழ்வனவெல்லாம் விண்மீனால் ஆவன என்று எண்ணுதல் பேதைமை என்று கெப்ளர் அவருக்கே எடுத்துக்கூறிப் பின்னரே பலன் எழுதினார். அப்பலன் 1634ஆம் ஆண்டு பங்குனித் திங்களிலே நாட்டிற் பெருங்குழப்பம் நேரும் என்பதோடு முடிந்தது. வலன்ஸ்ரைன் அவ்வாண்டு மாசித் திங்கள் 25ஆம் நாள் கொலையுண்டார். சோதிடத்தை நம்புவோர் இதனை எடுத்துக்காட்டுவர். அதே சாதகத்திலே குறித்த நிகழ்ச்சிகள் பல குறித்த காலத்தில் நிகழவில்லை என்று வலன்ஸ்ரைனே பக்க ஓரத்திற் குறித்துவைத்தமையையும் அவர்கள் எடுத்துக்காட்டுதல் முறையாகும்.

பேரரசர் கொடுக்கவேண்டிய நிலுவை ஏறத்தாழ 12,000 புளோரினாய்ப் பெருகிவிட்டது. அதனைக் கொடுக்கும் பொறுப்பு வலன்ஸ்ரைன்மேல் மாற்றப்பட, கெப்ளர் 1628இல் அவருடைய சாகன் நகரிலே குடியேறினார். பணம் வரவில்லை. 1630ஆம் ஆண்டிலே வலன்ஸ்ரைனும் பதவி இழந்தார். தமக்கு வரவேண்டியதைப் பெறும் நோக்குடன், குளிர்காலத் தொடக்கத்திலே கெப்ளர் குதிரையேறி இறேகன்ஸ்பேர்க் நகருக்குச் சென்றார். சென்ற சில நாளிற் காய்ச்சலுற்று, கார்த்திகைத் திங்கள் 15ஆம் நாள் அங்கேயே காலமானார். அவரை அடக்கஞ்செய்த இடமும் சில ஆண்டுகளிற் போரினால் அழிந்துபோயிற்று. இன்று அதனைக் காட்டுவார் இலர்.

கெப்ளரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? சோதிடம் பார்த்தமையால் அவர் அறிவிலி எனல் பொருந்தாது. அவர் பார்த்தமையால் சோதிடம் மெய்யெனலும் பொருந்தாது. காலத்தோடு பிறந்த நம்பிக்கைகள் யாவர்க்கும் உண்டு. அந்நம்பிக்கையோடு உண்மை மாறுபடும்போது எதனை விடுகின்றோம் என்பதிலேயே அறிஞரின் பெருமை தங்கியுள்ளது. தாம் விரும்பிய வட்டத்தை எட்டுக் கலைக்காக விட்டார். தம் வருவாய்க்குரிய கலையை அரசரின் நன்மைக்காக விலக்கச் சொன்னார். தாயின் உயிருக்காகத் தம் பதவியையும் பொருட்படுத்தாது நெடுந்தூரம் சென்று வாதாடினார். எம் கல்லூரியின் ஆய்வுகூடங்களிலே பயிலும் மாணவர், கணக்கும் காட்சியும் சிறிது மாறுபடும்போது அதனை அழித்துத் திருத்தி எழுதிவிடும் எண்ணம் எழுமாயின், அந்த எட்டுக் கலையை நினைப்பார்களாக. ஆங்கே புதிய உலகம் ஒன்று மறைந்திருத்தலுங் கூடும்.